பாயிண்ட்ஸ்மேனின் பச்சைக் கண்

பாயிண்ட்ஸ்மேனின் முதுகுத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோதுதான் அப்பாவின் கை சரியில்லை என்பது கலையரசிக்குத் தெரியவந்தது.

பாயிண்ட்ஸ்மேன் என்பது ஒரு ரோபோ. மூன்றரை அடி உயரம். விழுப்புரம் ஜங்ஷனில் டெலிபோன், சிக்னல் வயர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த அவள் அப்பா சவுரிராயன், எண்பத்தேழாம் வருஷம் தொடங்கி இரண்டு வருஷம், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து சொந்தக் கையால் செய்தது. காலுக்குப் பதில் சக்கரங்கள்; அவற்றைச் சுற்ற லாரி வைப்பர் மோட்டார் இரண்டு. தலை, பந்தியில் சாம்பார் ஊற்றுகிற வாளியைக் கவிழ்த்தது. கண்ணுக்கு, ஏலத்தில் எடுத்த பழைய ரயில்வே கைவிளக்கின் கண்ணாடிகள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. மூளை, காலேஜ் பிள்ளைகள் படித்துப் பழகுகிற மைக்ரோபிராசசர் போர்டு ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் அலைந்து வாங்கியது. தண்டவாளத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிவிடுகிற ரயில்வே ஆளுக்குப் பாயிண்ட்ஸ்மேன் என்று பெயர். திரும்பச் சொன்ன பக்கம் இதுவும் திரும்புகிறதே என்று அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார். மாதா கோயில் திருவிழா மேடையில் ஒருமுறை அது சாக்லேட் தட்டைச் சுமந்து வந்திருக்கிறது. பிறகு பேட்டரி ஆசிட் கசிந்து போர்டைத் தின்றுவிட, இருபது வருஷத்துக்கு மேல் பீரோவுக்குப் பக்கத்தில் போர்வை மூடி நின்றது.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"அத்த மறுபடி ஓட வெச்சுடு பாப்பா. உள்ள இருக்கறதெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, இந்தக் காலத்துச் சாமான் இன்னா வேணுமோ போடு. ஆனா உடம்பு, கியரு, தலை, கண்ணு, இத மட்டும் தொடாத. அது நான் பண்ணது."

"ஓட வெச்சு இன்னாப்பா பண்ணப் போற?"

"முன்னால ஒரு தட்டு மாட்டிக் குடு. கிச்சன்லருந்து ஹாலுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கினு வந்தா போதும் எனக்கு."

கலையரசி சிரித்தாள். தட்டு எதற்கு என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. திண்டிவனத்தில், அரிசி ஆலை மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. கொட்டுகிற அரிசியைக் கேமராவால் பார்த்து, கறுத்த அரிசியை மட்டும் காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின்கள் அவள் பொறுப்பு. சுற்றுவட்டத்தில் எந்த ஆலையில் அந்தக் கேமரா கெட்டுப்போனாலும் அவளுக்குத்தான் போன் வரும். ரோபோவைக் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, சர்வீஸ் ரூமில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தாள்.

உள்ளே அப்பாவின் வேலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வயர்கள் எல்லாம் கட்டுக் கட்டாக, விரற்கடை தூரத்துக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலால் கட்டப்பட்டிருந்தன. சால்டரிங் வைத்த இடமெல்லாம் ஒரே அளவில், பனித்துளி போல் பளபளத்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஆனால் இடது பக்க மூலையில் ஒரு சின்ன இடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. புது வயர். அப்பா சமீபத்தில் தானே சரிசெய்யப் பார்த்திருக்கிறார். ஈயம் கட்டி கட்டியாக வழிந்து, பக்கத்துப் பின்களோடு ஒட்டிக் கிடந்தது. போர்டு மேலும் அலுமினியத் தகட்டின் மேலும், சூடான சால்டரிங் அயர்ன் வழுக்கி வழுக்கி இழுத்த கறுப்புக் கோடுகள். ஒரு குழந்தை கரித்துண்டால் கிறுக்கியது போல் இருந்தது.

உடனே போன் போட்டாள்.

"கண்ணு சரியாத் தெரியலம்மா, அவ்ளோதான். கண்ணாடி மாத்தணும்," என்றார்.

போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவள் ஞாயிறுகளில் போகும்போதெல்லாம், நான் அப்பவே சாப்ட்டுட்டேன், நீ சாப்புடு என்பார். டீ போட்டுக் கொடுத்தால் ஆறட்டும் என்று ஓரமாக வைப்பார். அவள் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் டம்ளர் காலியாகியிருக்கும். அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. அப்பா தன் முன்னால் ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தாள். கணக்குக்கு வரவில்லை. எங்களோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று; வரமாட்டேன் என்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் எனக்கு இன்னா கேடு என்பார்.

அந்த வாரத்தில்தான் கேமரா வைக்கும் யோசனை வந்தது. சுண்டுவிரல் நகம் அளவு கேமரா. பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால் வெளியே தெரியாது. கண்ணைத் தொடாதே என்று அப்பா சொன்னது மறக்கவில்லை. கண்ணாடியைத் தொடப்போவதில்லை, பின்னால்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவன் தென்னரசு பள்ளிக்கூட வாத்தியார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாமா கிட்ட சொல்லிட்டு வைய்யி," என்றான்.

"சொன்னா வேணாம்னுடுவாரு."

"வேணாம்னா வேணாம்தான?"

"தனியா விழுந்து கெடந்தா யாரு பாக்கறது? நீ பாப்பியா?"

அவன் திருத்தவேண்டிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மார்ச் மாதத்தில் பாயிண்ட்ஸ்மேன் விழுப்புரம் திரும்பியது. பழைய போர்டும் ரிலேக்களும் போய், உள்ளங்கை அளவு புதுப் போர்டு. ஆசிட் பேட்டரி போய், செங்கல் அளவு லித்தியம் பேட்டரி. இடித்துக்கொள்ளாமல் ஓட, நான்கு பக்கமும் சென்சார். வா, போ, நில்லு என்று தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள ஒரு மைக். அதன் மூலமாக வீட்டுப் பேச்சும் அவள் போனுக்கு வரும்படி செய்திருந்தாள்.

சவுரிராயன் ஹாலின் இந்த மூலையில் நின்று, "வா," என்றார். அது சுவரை விட்டு விலகி, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, தட்டில் இருந்த தண்ணீர் அலுங்காமல் அவர் முழங்காலுக்கு எதிரே வந்து நின்றது. எழுபத்துநான்கு வயது மனிதர் கைதட்டப் போனவர் பாதியில் கைகளைக் கீழே இறக்கிக்கொண்டார். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். மோட்டாருக்குக் கரெண்ட் எவ்வளவு போகிறது, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், இன்டர்நெட் பெட்டி எதற்கு.

"பேச்சப் புரிஞ்சிக்கறதுக்கு நெட்டு வேணும்பா," என்றாள். அது பொய்யில்லை.

"இந்தப் பச்சக் கண்ணுக்குப் பின்னால இன்னா, கறுப்பா?"

வாழ்நாள் முழுக்க வயரையும் விளக்கையும் பார்த்த மனிதர் அவர்.

"அதுவும் சென்சார்தாம்பா. வெளிச்சம் எவ்ளோ இருக்குதுன்னு பாக்கறது."

"ஓ," என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. மகள் சொன்னதைச் சந்தேகப்படுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

பாயிண்ட்ஸ்மேன் சார்ஜ் போட்டுக்கொண்டு நிற்கும் மூலையிலிருந்து சாப்பாட்டு மேஜையும் வாசற்படியும் தெரிந்தன. கண்ணாடி பச்சை என்பதால் படமும் முழுக்கப் பச்சையாகத்தான் வந்தது. பச்சைச் சுவர், பச்சை மேஜை, பச்சை அப்பா. முதல் இரண்டு நாள் அவர் பேப்பர் படிப்பதையும், பாயிண்ட்ஸ்மேனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓட விடுவதையும் பார்த்தாள். மூன்றாவது நாள் மதியம் ஒன்றேகால் மணிக்கு, வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

கோவிந்தம்மாள். கீழ்ப்பெரும்பாக்கத்தில் அப்பாவின் வீட்டுக்கு எதிரே, புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவள். அறுபதை நெருங்கும் வயது. தேய்த்த சட்டைகளை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று கலையரசி நினைத்தாள். அவள் போகவில்லை. உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தாள். முக்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். அப்பா வாயைத் திறந்தார்.

அவருடைய வலது கை மடியில் இருந்தது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்திருந்தார். அப்படியும் அது, பிடிபட்ட விரால் போல் துள்ளிக்கொண்டிருந்தது.

"குழாத்தண்ணி இன்னிக்கும் வரல. மூணு நாளா பேஜாரு," என்றாள் கோவிந்தம்மாள், அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே.

"லாரிய அனுப்பறோம்னு சொன்னானுங்களே?"

"சொன்னானுங்க. மென்னு முழுங்கிட்டுப் பேசுங்கணா, பொரை ஏறப் போவுது."

இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். மோவாயில் வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். இது இன்று நேற்று தொடங்கியதல்ல என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கலையரசி அப்போது ஒரு ஆலையில் இருந்தாள். போனை அணைத்துவிட்டு, தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று, யாராவது தேடி வரும் வரைக்கும் அழுதாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. ஆனால் மறுநாளும் ஒன்றேகாலுக்குக் கை தானாகப் போனுக்குப் போனது. அதற்கு மறுநாளும். ஏப்ரல் பிறந்து வெயில் ஏறியது. இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிட்டு வரும் கோவிந்தம்மாள், அப்பா உள்ளறையில் படுத்த பிறகு, ஹாலில் ஃபேனுக்கு அடியில் முந்தானையை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து கழுத்தையும் மார்பையும் துடைத்துக்கொள்வாள். சில நாள் அப்படியே தரையில் படுத்து அரைமணி நேரம் தூங்குவாள். அப்போதெல்லாம் கலையரசி போனைக் கவிழ்த்து வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, போய்விட்டாளா என்று மறுபடி எடுத்துப் பார்ப்பாள்.

ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு, நடுங்கும் கையிலும் ஆடாமல் நிற்கிற கனமான ஸ்பூன் ஒன்றும், மூடி போட்ட கப் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனாள். புதுச்சேரியில் நரம்பு டாக்டரிடம் தேதியும் வாங்கியிருந்தாள். மேஜை மேல் எடுத்து வைத்ததும் அப்பாவின் முகம் மாறியது.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. அந்த சால்டரிங்க பாத்தப்பவே எனக்கு..."

"சால்டரிங்ல ஸ்பூன் தெரிஞ்சுதா?" குரல் உயரவில்லை. "என் கையால சாப்புட முடியலன்னு உங்கிட்ட சொன்னது யாரு?"

அவர் மெல்லத் தலையைத் திருப்பி, ஜன்னல் வழியாக எதிரே பார்த்தார். புங்கமரத்தடியில் கோவிந்தம்மாள் ஒரு வேட்டியை உதறிக்கொண்டிருந்தாள். அப்பா எங்கே பார்க்கிறார், என்ன நினைக்கிறார் என்பது கலையரசிக்கு நன்றாகவே புரிந்தது. சொல்லவேண்டிய நேரம் அதுதான். வாய்வரைக்கும் வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா," என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் மயிலம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆலையில் வேலை. ஒன்றேகாலுக்குப் போனை எடுத்தாள். கோவிந்தம்மாள் சோறு பிசைந்து கொண்டுவந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வாயைத் திறக்கவில்லை.

"எம் பொண்ணு கிட்ட பேசுனியா?"

"கலையரசி கிட்டயா? நான் எதுக்குப் பேசறேன்? நம்பரே எங்கிட்ட கெடையாதே."

"அப்ப அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊட்டுல நீயும் நானும்தான்."

"மாரியாத்தா மேல ஆணையா சொல்றேண்ணா..."

"ஒண்ணே ஒண்ணுதான் உங்கிட்ட கேட்டேன். யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமா எம் பொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு. நாளைக்கு அவ வந்து என்னக் கொழந்த மாதிரித் தூக்கிக்கினு போவா. அதுக்குத்தான சொன்ன?"

"சொல்லலன்னா சொல்லல. இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?"

"போ!" என்று கத்தினார் சவுரிராயன். "போயிடு இங்கருந்து!"

பாயிண்ட்ஸ்மேனுக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளில் அது ஒன்று. மோட்டார் முனகியது. படம் அப்படியே சுழன்று, மேஜை போய், சுவர் போய், சமையலறைக் கதவுக்குள் நுழைந்து நின்றது. இனி கலையரசிக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை நிறத்தில் ஒரு காஸ் சிலிண்டர்.

சத்தம் மட்டும் கேட்டது. தட்டை மேஜையில் வைக்கிற சத்தம். "ரெண்டு வருஷமா ஊட்டிவுட்ட கை இது. இருக்கட்டும்," என்ற கோவிந்தம்மாளின் குரல். செருப்புச் சத்தம். பிறகு வாசற்படியிலிருந்து, "கலந்து வெச்சிருக்கேன். காஞ்சி போறதுக்குள்ள சாப்புடுங்க."

ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பிறகு ஸ்பூன் தட்டில் மோதுகிற சத்தம், டடடடவென்று. நின்றது. மறுபடி கேட்டது. கடைசியில் தட்டு தரையில் விழுந்து உருண்டு அடங்கியது. கூடவே கனமாக ஏதோ சரிந்த மாதிரி இருந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

கலையரசி போன் அடித்தாள். அந்த வீட்டில் போன் மணி அடிப்பது அவள் காதிலேயே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. மெஷினைத் திறந்தபடி விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் அந்தக் காஸ் சிலிண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது மைல் தூரத்திலிருந்து ஆலை மெஷினின் கோளாறைச் சொல்லத் தெரிந்தவளுக்கு, அந்தக் கண்ணை ஒரு அடி திருப்ப வழியில்லை.

கதவு திறந்தே இருந்தது. அப்பா விழவில்லை. நாற்காலிதான் சரிந்து கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, சிதறிய சோற்றை வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். எடுத்ததில் பாதி மறுபடி விரலிடுக்கில் சிதறியது.

"அப்பா!"

நிமிர்ந்து பார்த்தார். அவள் நெற்றி வேர்வையை, தவிட்டுத் தூசி படிந்த கம்பெனிச் சட்டையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை மதியம் இரண்டேகால். சமையலறைப் பக்கம் மெதுவாகத் திரும்பினார். மேஜையைப் பிடித்து எழுந்தார். அவள் நீட்டிய கையைத் தொடவில்லை. பாயிண்ட்ஸ்மேன் முன்னால் போய் நின்று, நடுங்குகிற கட்டைவிரலை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்து, பச்சைக் கண்ணாடியின் மேல் வைத்தார்.

"உன் போன எடு."

கலையரசி எடுத்தாள்.

"காட்டு."

திரை கறுப்பாக இருந்தது. விரலை எடுத்தார், பச்சையாக வெளிச்சம் வந்தது. அதில் அவர் முகம் திரை முழுக்கத் தெரிந்தது.

"எத்தினி நாளா?"

"மார்ச்சுலருந்துப்பா. நீ விழுந்து கிழுந்து கெடந்தா..."

"நான் குளிச்சிட்டு வர்றது?"

கலையரசி போனைக் கீழே இறக்கினாள்.

"அவ வந்து ஒக்காந்தது, படுத்தது?"

"நான் பாக்கறதில்லப்பா. கவுத்து வெச்சிடுவேன்."

அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டுக் கத்துவார், அடிக்கக்கூடச் செய்வார் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்து வந்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. "அவளப் போய் நான் இன்னா பேச்சுப் பேசிட்டேன்," என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டன் போட முடியாமல் அப்படியே தெருவில் இறங்கினார். கலையரசி பின்னால் போனாள்.

அப்பா சொன்னதைக் கோவிந்தம்மாள் முழுசாகக் கேட்டாள். கேட்டு முடிக்கும் வரை இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. அப்பா கும்பிடக் கைகளைத் தூக்கியபோதுதான், "அதெல்லாம் வேணாம், வுடுங்க," என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவரிடம் அவளுக்குப் பேச ஒன்றும் இல்லை போலிருந்தது. கலையரசி பக்கம் திரும்பினாள்.

"நான் எதுனா தூக்கிக்கினு போறனான்னு பாத்தியாம்மா?"

"ஐயோ, இல்லக்கா. சத்தியமா இல்ல. அப்பாவுக்காக..."

"உங்கப்பாவுக்காகன்னா உங்கப்பாவப் பாரு. நான் அந்த ஊட்டுக்குள்ள வர்றன்னு தெரிஞ்சப்ப, ஒரு வார்த்த எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம் இல்ல? அக்கா, அங்க கண்ணு இருக்குது, பாத்து ஒக்காருன்னு." அவள் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். "அதெல்லாம் போன்லயே இருக்குதா?"

"பதிவு ஆவாதுக்கா. அப்பப்பத் தெரியறதுதான்."

"ஆனா நீ பாத்த."

இஸ்திரிப் பெட்டி மறுபடி துணி மேல் ஓட ஆரம்பித்தது.

"இனிமே அந்த ஊட்டுக்குள்ள நான் காலெடுத்து வெக்கமாட்டேண்ணா. நீங்க போங்க."

அன்று கலையரசி அப்பா வீட்டிலேயே தங்கினாள். காலையில் எழுந்து வந்தபோது அவர் ஏற்கெனவே பாயிண்ட்ஸ்மேன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்குரூ டிரைவர்.

"நான் எடுத்துடறேன்பா."

"நீ தொடாத."

பச்சைக் கண்ணாடியைப் பிடித்திருந்தவை நான்கு திருகாணிகள். அவள் கை என்றால் இரண்டு நிமிஷம். அவர் ஸ்குரூ டிரைவரைத் திருகாணித் தலையின் பள்ளத்தில் வைப்பார். அது நழுவி வாளித் தலையில் கீறும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைப்பார். முதல் திருகாணி கழல ஒன்பது மணி ஆயிற்று. கலையரசி சுவரோரம் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பால்காரர் வந்து போனார். மூன்றாவது கழன்றபோது பதினொன்று. நான்காவதில் கண்ணாடி அவர் விரலிலிருந்து நழுவி, மொசைக் தரையில் பட்டு இரண்டாகப் பிளந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அது இனி எங்கேயும் கிடைக்காது. அவர் துண்டுகளை எடுத்துப் பேப்பரில் சுற்றினார். குழிக்குள் இரண்டு விரலை விட்டு, கேமராவை அதன் நாடா வயரோடு பிய்த்து எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எடுத்துக்கினு போ. அந்த நெட்டுப் பெட்டியையும் எடுத்துக்கோ."

"நெட்டு இல்லன்னா அதுக்குப் பேச்சுப் புரியாதுப்பா. தண்ணி யாரு கொண்டாந்து குடுப்பா? நெட்டு இல்லாமலே கேக்கறா மாதிரி வேற போர்டு இருக்குது, நான் அடுத்த வாரம்..."

"வேணாம்."

அப்படியாக, இரண்டு மாதம் உட்கார்ந்து அவள் போட்ட புதுச் சாமான் அத்தனையும் உள்ளே இருக்க, பாயிண்ட்ஸ்மேன் ஒற்றைச் சிவப்புக் கண்ணோடு மறுபடி மூலையில் நின்றது. வா என்றால் வரவில்லை.

டாக்டரிடம் போக மறுக்கவில்லை. ஆனால் தென்னரசோடு போனார். மாத்திரை கொடுத்தார்கள், நடுக்கம் கொஞ்சம் மட்டுப்படும், முழுசாகப் போகாது என்றார்கள். கலையரசி தினமும் போன் செய்தாள். சாப்ட்டியா என்றால் ஆச்சு. மாத்திர போட்டியா என்றால் போட்டேன். அவராக ஒரு வார்த்தை கேட்பதில்லை. யார் ஊட்டிவிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஞாயிறுகளில் போனால் வாசற்கதவு இறுக்கச் சாத்தியிருக்கும், தட்டினால் திறப்பார், திறந்துவிட்டுப் போய்ப் பேப்பரை விரித்துக்கொள்வார். மதியம் ஒன்றேகால் ஆனால் ஆலையில் எங்கே நின்றாலும் அவள் கை இன்னும் பாக்கெட்டுக்குப் போய்த் திரும்பியது.

ஜூன் கடைசியில் வளவனூரில் ஒரு ஆலை மெஷின் நின்றுபோயிற்று. வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது விழுப்புரத்தில் இறங்கினாள். சொல்லாமல் போகக்கூடாது என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. தெருமுனை திரும்பியபோது காரணம் தெரிந்தது.

புங்கமரத்தடியில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அப்பா. எதிரே, கவிழ்த்த வாளியின் மேல் கோவிந்தம்மாள். அப்பா வீட்டு எவர்சில்வர் தட்டு அவள் மடியில் இருந்தது. டூவீலரில் போன ஒருவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண்ணும் பார்த்தாள். தெரு முழுக்கப் பார்க்கும்படி உட்கார்ந்து, அப்பா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கலையரசி மரத்துக்கு அந்தப் பக்கமாகவே நின்றுவிடப் பார்த்தாள். இரண்டு வினாடி நின்றாள். பிறகு கூச்சத்தோடு நேராக நடந்து, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"அந்த ஊட்டுக்கு வரமாட்டேன்னுதான் சொன்னேன்," என்றாள் கோவிந்தம்மாள், யாரையும் பார்க்காமல். "சோறு போடமாட்டேன்னு சொல்லல. மூணாம் நாளு தட்டத் தூக்கிக்கினு இங்க வந்து நிக்கறாரு. இன்னா பண்றது?" கவளத்தை உருட்டி நீட்டினாள். "தொறங்கணா. கை வலிக்குது எனக்கு."

அப்பா கவளத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மடியில் வலது கை, மாத்திரையையும் மீறி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை அதை அவர் பிடித்து அமுக்கவில்லை. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு வாயைத் திறந்தார்.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கலையரசி வண்டி மேல் அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. தட்டு காலியானதும் கோவிந்தம்மாள் சொம்பை அவர் வாயருகே பிடித்தாள். அவர் குடித்துவிட்டு, வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு, மகளின் கம்பெனிச் சட்டையைப் பார்த்தார்.

"எந்த ஊர்ல வேல?"

இரண்டு மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"வளவனூர்ப்பா. காத்து ஊதற வால்வு அடச்சிக்கிச்சு."

"தூசா?"

"தவிட்டுத் தூசு."

"ம்," என்றார் சவுரிராயன். அதற்கு மேல் அன்று அவர் எதுவும் கேட்கவில்லை.